சானலில் தண்ணீர் ஓடுகிறது, தோப்புக்கு வரவில்லை: குமரி மாவட்டத் தண்ணீர்த் தகராறுக்கு ஒரு முழு வழிகாட்டி

தண்ணீர் வரவில்லை என்று எழுதிய மனு மேசை மேசையாக அலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எந்த இடத்தில் தண்ணீர் நின்றது, அந்த இடம் யாருடையது என்று அதில் இருக்காது. அணையில் திறக்காததற்குப் பக்கத்து நிலத்துக்காரர் மேல் புகார், பக்கத்து நிலத்துக்காரர் மண் போட்டு மூடியதற்கு நீர்வளத் துறையில் மனு என்று மாற்றி மாற்றிப் போனால் கன்னிப்பூவும் போகும், கும்பப்பூவும் போகும் (பூ என்பது இங்கே நெல் பருவம்; வருடத்துக்கு இந்த இரண்டு). தென்னையும் தீவனப்புல்லும் அதுவரை காத்திருக்காது.

அது என்ன தண்ணீர்?

மாவட்டத்தின் பெரும்பகுதிப் பாசனம் கோதையாறு அமைப்பைச் சேர்ந்தது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை (48 அடி), பெருஞ்சாணி (77 அடி), சிற்றாறு 1, 2 (தலா 18 அடி) அணைகளின் நீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார், நாஞ்சில் புத்தனார், பத்மநாபபுரம் புத்தனார், பட்டணங்கால் எனப் பிரிந்து போகிறது. வழக்கமாக ஜூன் 1இல் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். மார்ச் முதல் மே வரை சானல் காய்ந்து கிடந்தால் அது தகராறு அல்ல, அடைப்புக்காலம். வாழையும் புல்லும் வாடுவது அந்த மாதங்களில்தான் என்றாலும், அப்போது தண்ணீர் கேட்பது சலுகை கேட்பது. திறந்திருக்கும் மாதத்தில் வராமல் போனால்தான் உரிமை பேச முடியும். மனுவில் தேதி முக்கியமாவது இதனால்தான்.

விளவங்கோடு பக்கம் நெய்யாறு இடதுகரைச் சானலை நம்பியிருந்த நிலங்களின் கதை வேறு. 2004 முதல் கேரளம் தண்ணீர் விடவில்லை. அது மாநிலங்களுக்கிடையிலான வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. உள்ளூரில் யார் மேல் புகார் கொடுத்தும் அந்தச் சானல் ஓடாது.

குளத்துத் தண்ணீராக இருந்தால் அந்தக் குளம் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி அல்லது பேரூராட்சியுடையதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மடையைச் செப்பனிடச் சொல்லும் மனு போக வேண்டிய இடம் அதைப் பொறுத்தது.

பக்கத்து விளையில் (தோட்டத்தில்) ஆழ்துளைக் கிணறு போட்டதால் உங்கள் கிணறு வற்றிவிட்டது என்பதுதான் புகார் என்றால், அது பலவீனமான வழக்கு. தன் நிலத்துக்கு அடியில் ஊறும் நீரை எடுப்பது நில உடைமையாளரின் உரிமை என்பதே பொதுச் சட்ட நிலை. குறிப்பிட்ட ஊற்றுவழியை வெட்டித் திருப்பினார் என்று காட்ட முடியாவிட்டால், வழக்குக்கு ஆகும் பணத்தைச் சொட்டுநீருக்குப் போடலாம்.

கடைசியாக, உங்கள் நிலம் ஆயக்கட்டில், அதாவது அந்தக் கால்வாயில் பாசனம் பெறும் நிலமாகப் பதிவான பரப்பில் இருக்கிறதா? மேட்டு விளையில் வைத்த தென்னைக்குச் சானல் தண்ணீரில் பங்கு கிடையாது, எத்தனை வருடம் பாய்ச்சியிருந்தாலும் சரி என்று எதிர்த்தரப்பு முதலில் சொல்லும். நஞ்சையாக இருந்து பிறகு தென்னையோ வாழையோ வைத்த நிலமென்றால் ஆயக்கட்டுப் பதிவேட்டில் பெயர் இருக்கும். அந்த நகல் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சானல் கரையில் நடந்து பாருங்கள்

ஒரு நோட்டு, பதினைந்து மீட்டர் டேப், ஒரு ஸ்கேல், போன், இரண்டு சாட்சிகள். உங்கள் வயல் மடையிலிருந்து தொடங்கி, தண்ணீர் ஓடுகிற இடம் வரை மேல்நோக்கிப் போக வேண்டும். கீழ்நோக்கி நடந்தால் வழியில் எல்லாமே சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

பார்க்க வேண்டியவை: ஷட்டரின் திருகு துருப்பிடித்து ஏறாமல் நிற்கிறதா, தகட்டின் அடியில் ஓட்டையா, ஆகாயத்தாமரையும் மண்ணும் சேர்ந்து தளம் உயர்ந்துவிட்டதா, கரை உடைந்து ஓடையில் விழுகிறதா, கரைக்குள் யாராவது பிவிசி குழாய் புதைத்திருக்கிறார்களா, மோட்டார் வைத்து இறைக்கிறார்களா, வீட்டுமனைக்கு வழி போட்டபோது கிளைக்காலை (சானலிலிருந்து பிரியும் சிறு வாய்க்காலை) மூடி, அல்லது அகலத்துக்குப் பொருந்தாத சிறு குழாய் போட்டு மண் நிரப்பியிருக்கிறார்களா. கடைசியாகச் சொன்னதுதான் இன்று அதிகம். ஏலா (வயல்வெளி) நடுவில் நாலு வீடு வந்தாலே கீழே உள்ள நிலத்துக்குத் தண்ணீர் குறையத் தொடங்கும்.

ஒவ்வொரு தடைக்கும் மேலும் கீழும் ஓட்டத்தை அளந்து எழுதுங்கள். நேரான பத்து மீட்டர் தூரத்தைக் குறித்து, ஒரு சிறு மரக்கட்டையை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். மேல்பரப்பு வேகம் அடிப்பகுதியைவிடக் கூடுதல் என்பதால் 0.8ஆல் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு: பத்து மீட்டர் கடக்க 40 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.25 மீட்டர், 0.8ஆல் பெருக்கினால் 0.2. கால் 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் என்றால் குறுக்குப் பரப்பு 0.12 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 24 லிட்டர், அதாவது ஒரு கன அடிக்குச் சற்றுக் குறைவு (ஒரு கன அடி 28.3 லிட்டர்). ஒரு ஏக்கரில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு நிற்க 2 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். இந்த ஓட்டம் இழப்பில்லாமல் வந்தால் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சிறிய பொடிக்காலுக்கு மிதவை முறை துல்லியமாக இருக்காது. தகரத்தில் 90 டிகிரி ‘வி’ வெட்டிக் காலுக்குக் குறுக்கே பதித்து, வெட்டின் முனைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தைத் தகட்டுக்குச் சற்று மேல்புறம் தள்ளி அளக்கலாம். 5 செ.மீ. என்றால் விநாடிக்கு முக்கால் லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர். பக்கவாட்டில் களிமண் பூசாமல் விட்டால் கசிந்து கணக்கு தப்பும். அரசுச் சானலில் இதை வைக்காதீர்கள். தண்ணீரைத் தடுத்தது நீங்கள் என்று ஆகிவிடும்.

‘தடைக்கு மேல் 24 லிட்டர், கீழ் 3 லிட்டர்’ என்று ஒரு வரி எழுதி, இடத்தின் சர்வே எண்ணும் அருகில் இருந்தால், அந்த மனுவைக் கீழே வைப்பது கடினம்.

காகிதங்கள்

பட்டா, அடங்கல், புலப்பட (நில அளவை வரைபட) நகல், ‘அ’ பதிவேடு. இவற்றில் புலப்படம்தான் தகராறின் திசையைத் தீர்மானிக்கும். கால் தனிச் சர்வே எண்ணில் வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் அது அரசு நிலம், மூடியது ஆக்கிரமிப்பு. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவில் அறிவிப்புக் கொடுத்து 6ஆம் பிரிவில் அகற்றுவது தாசில்தார் தரப்பின் வேலை. நீர்வளத் துறைக் குளம் என்றால் 2007ஆம் ஆண்டுக் குளங்கள் பாதுகாப்புச் சட்டமும் சேரும். கால் மற்றவரின் பட்டாவுக்குள் ஓடினால் துறை தலையிடாது. அது வசதியுரிமை, அதாவது மற்றவர் நிலத்தின் வழியே தண்ணீர் கொண்டுவரும் உரிமை; வக்கீல்கள் பேச்சில் ஈஸ்மென்ட். உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

வசதியுரிமைக்கு 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, யாரிடமும் கெஞ்சி வாங்காமல், உரிமையாகவே பாய்ச்சியிருக்க வேண்டும். அரசு நிலத்தின் மேல் கோரினால் 30 ஆண்டுகள். அந்தக் காலம் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். தடுத்த பிறகு நாலு வருடம் பேசிக்கொண்டே இருந்தவர்கள் இந்த இரண்டு வருடக் கணக்கில் மாட்டிக்கொள்வதுண்டு.

பழைய ஆதாரங்களை எடுத்துப் பாருங்கள். 1956க்கு முன் இது திருவிதாங்கூர் என்பதால் பல ஆதாரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும் (ஆண்டின் முற்பகுதி மாதங்களுக்கு 824). அதில் நான்கெல்லை சொல்லும் பத்தியில் ‘கால்’, ‘ஓடை’, ‘தோடு’ என்று வருகிறதா என்று தேடுங்கள். உங்கள் ஆதாரத்தில் இல்லாவிட்டாலும் எதிராளியின் ஆதாரத்தில் இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கும் சான்று நகல் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும், அதை முன்கூட்டியே செய்து வையுங்கள்.

போனில் எடுத்த படமும் வீடியோவும் மின்னணு ஆவணம். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்று இல்லாமல் ஏற்கமாட்டார்கள். எடுத்த போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப வாங்கிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் போய்விடும். அணைகளின் தினசரி நீர்மட்டமும் வெளியேற்றமும் நாளிதழ்களில் வரும். தகராறு நாட்களின் பக்கங்களை வெட்டி வையுங்கள். அணையில் தண்ணீரே இல்லை என்ற பதிலுக்கு அதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

பேச்சும் மனுவும்

முதலில் சானலின் லஸ்கர் (ஷட்டரைத் திறந்து மூடும் துறை ஊழியர்), பிறகு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம். 2000ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் உறுப்பினர்களுக்கிடையிலான தண்ணீர்த் தகராறைத் தீர்க்கும் பொறுப்பைச் சங்க நிர்வாகத்துக்குத் தருகிறது. சங்கம் இயங்காத ஊரும் உண்டு. அங்கே ஊர்ப்பெரியவர்களை வைத்து முறை எழுதலாம். முறை எழுதினால் ‘ஞாயிறு காலை 6 முதல் 9 வரை தலைமடை, 9 முதல் 1 வரை நடு, பிறகு கடைமடை’ என்று மணிக்கணக்கில் எழுதுங்கள். ‘எல்லாரும் அனுசரித்து’ என்று எழுதினால் அடுத்த வாரமே அடிதடி. கால் நனைந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர ஆகும் நேரத்தைத் தனியாகக் கழித்துக்கொள்ள வேண்டும். இதை மறப்பதால்தான் கடைமடைக்காரருக்கு முறை இருந்தும் தண்ணீர் இருப்பதில்லை.

எழுத்து மனு நீர்வளத் துறையின் பிரிவு உதவிப் பொறியாளருக்கு, நகல் உபகோட்டத்துக்கும் நாகர்கோவில் கோதையாறு வடிநிலக் கோட்டச் செயற்பொறியாளருக்கும். பதிவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். மனுவின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

‘மேற்படி சர்வே எண்ணில் உள்ள எனது ஒரு ஏக்கர் 20 சென்ட் நிலம் இக்கால்வாயின் ஆயக்கட்டில் உள்ளது (பதிவேட்டு நகல் இணைப்பு 1). இக்கிளைக்காலில் இன்ன சர்வே எண்ணுக்கு வடக்கே, இன்ன தேதி முதல் மண்ணிட்டு அடைக்கப்பட்டுள்ளது. அன்று காலை 8 மணிக்குத் தடைக்கு மேல் விநாடிக்கு 24 லிட்டரும், கீழே 3 லிட்டரும் ஓடியது (அளவுக் குறிப்பும் படங்களும் இணைப்பு 2). தடையை அகற்றிக் கிளைக்காலைப் பழைய அளவுக்குக் கொண்டுவரவும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.’

கெஞ்சலும் கோபமும் வேண்டாம். எதிராளியின் சாதி, கட்சி, குடும்பம் எதுவும் வேண்டாம். மோட்டார் இறைப்பு என்றால் மின் இணைப்பு எண்ணைக் குறித்து மின்வாரியத்துக்கும் ஒரு நகல்.

பதில் வராவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். நீர்வளத் துறை, வருவாய், வேளாண் அலுவலர்கள் ஒரே அறையில் இருப்பது அன்று மட்டும்தான். கூடவே பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்: அந்தக் கிளைக்காலின் வடிவமைப்பு அகலமும் ஆழமும், ஆயக்கட்டுப் பரப்பு, கடைசியாகத் தூர்வாரிய ஆண்டு, உங்கள் மனு மீதான குறிப்புக்கோப்பு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் தண்ணீர் விடவில்லை’ என்று காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்; ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்.

கோட்டாட்சியர்: ஒரு பூவுக்குள் போக வேண்டிய இடம்

தகராறு கைகலப்பாகும் நிலையில் இருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 166ஆம் பிரிவில் (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 147) நாகர்கோவில் கோட்டாட்சியரோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரோ விசாரித்து, தண்ணீர்ப் பயன்பாட்டைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிடலாம். காவல் நிலைய அறிக்கையின் பேரிலோ நேரடித் தகவலின் பேரிலோ விசாரணை தொடங்கும்.

இதில் பலரும் கவனிக்காத நிபந்தனை ஒன்று இருக்கிறது. வருடம் முழுவதும் பயன்படுத்தும் உரிமை என்றால் புகாருக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பருவத்துக்கு மட்டும் உரிய உரிமை என்றால் கடைசிப் பருவத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஜூனில் அடைத்ததைப் பற்றி மறு வருடம் ஜூலையில் போனால், இடையில் ஒரு பருவம் முழுக்கத் தண்ணீர் எடுக்கவில்லை என்பதே உங்களுக்கு எதிராக நிற்கும். இந்த உத்தரவு தற்காலிகம். உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

கால்வாயை வேண்டுமென்றே உடைத்துத் தண்ணீரைத் திருப்புவது பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 326ஆம் பிரிவில் குற்றம், ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் பக்கத்து நிலத்துக்காரரை ஜெயிலுக்கு அனுப்பும் நோக்கத்தோடு தொடங்கினால் முறை எழுதும் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். கரையை உடைத்த இடத்துக்கு இதைப் பயன்படுத்துங்கள், மண் போட்ட இடத்துக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

முன்சீப் கோர்ட்

நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி. நிலம் எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கே. கேட்க வேண்டியவை: உரிமை விளம்புகை (உரிமை உங்களுக்கு உண்டு என்ற அறிவிப்பு), நிரந்தரத் தடை, ஏற்கெனவே மூடிவிட்டிருந்தால் அதைத் திறக்கச் சொல்லும் கட்டாய உத்தரவு, நஷ்டஈடு. கட்டாய உத்தரவைக் கேட்க மறந்து தடை மட்டும் வாங்கினால் மண் அங்கேயே கிடக்கும்.

வழக்கோடு இரண்டு இடைக்கால மனுக்கள் போட வேண்டும். ஒன்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39இன் கீழ் தற்காலிகத் தடை. மற்றது ஆணை 26 விதி 9இன் கீழ் வக்கீல் கமிஷனர், அதாவது இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல். கமிஷனர் சர்வேயரோடு வந்து பார்ப்பது சானலில் தண்ணீர் ஓடும் நாளாக இருக்க வேண்டும். ஏப்ரலில் வந்தால் மேலும் காய்ந்திருக்கும், கீழும் காய்ந்திருக்கும், அறிக்கையில் ஒன்றும் இருக்காது. மடைமட்டம், காலின் தளமட்டம், தோப்பின் மட்டம் மூன்றையும் லெவல் எடுத்துப் பதியும்படி மனுவிலேயே கேளுங்கள். உங்கள் நிலம் மேடு, தண்ணீர் ஏறாது என்ற வாதத்துக்கு அதுதான் பதில்.

அரசையும் சேர்த்து வழக்கு என்றால் அதே சட்டத்தின் 80ஆம் பிரிவு அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் நீதிமன்ற அனுமதியோடு உடனே போடலாம். துறை கடமையைச் செய்யவில்லை என்பது மட்டுமே புகாரென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட்.

நஷ்டத்தை எப்படிக் கணக்கிடுவது

இங்கேதான் தென்னைக்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். பாளை வெடித்ததிலிருந்து தேங்காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம். அந்தப் பாளையின் கரு மரத்துக்குள் உருவாவது வெடிப்பதற்கு இரண்டரை வருடத்துக்கு மேல் முன்னதாக. அதனால் இந்த வறட்சியில் கண்ணுக்குத் தெரிவது குரும்பை உதிர்வதும் கீழ்மட்டை தொங்குவதும்தான். காய் எண்ணிக்கை விழுவது அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும். வாடிய தோப்பின் படத்தை மட்டும் வைத்துக் கேட்டால் நஷ்டத்தின் சிறு பகுதிதான் கணக்கில் வரும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் (45 நாளைக்கு ஒன்று) காய் எண்ணிக்கை, விலை, வெட்டுக்கூலி மூன்றையும் எழுதி, வாங்கிய வியாபாரியின் சீட்டோடு வையுங்கள். தடைக்கு முந்தைய மூன்று வருடச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். கிணற்றுப் பாசனத்தில் நிற்கும் சில மரங்கள் அதே தோப்பில் இருந்தால் அவற்றைத் தனியாக எண்ணுங்கள், ஒப்பீட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. வேர்வாடல், வெள்ளை ஈ என்று எதிர்த்தரப்பு சொல்லும். வேர்வாடலில் ஓலையின் இலைகள் உள்நோக்கி வளைந்து விலா எலும்பு போலத் தெரியும். தண்ணீர்க் குறையில் அடிமட்டைகள் முதலில் பழுத்துத் தொங்கும். இந்த வேறுபாட்டை வேளாண் அலுவலர் தன் பார்வைக் குறிப்பில் எழுதும்படி கேட்டு வாங்குங்கள்.

தென்னைக்கு வேளாண்மைத் துறை, வாழைக்குத் தோட்டக்கலைத் துறை, புல்லுக்குக் கால்நடைத் துறை என்று மூன்று இடத்துக்குப் போக வேண்டும். வாழையில் குலை தள்ளத் தாமதம், குலை தொண்டையில் சிக்குவது, காய் பெருக்காமை ஆகியவை அதே பருவத்தில் தெரிந்துவிடும். மட்டியா, ஏத்தனா, செவ்வாழையா என்று ரகம் எழுதாவிட்டால் விலையில் தகராறு வரும்.

கம்பு நேப்பியர் புல்லை நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று. ஓர் அறுப்பு போனால், மாடொன்றுக்கு நாளுக்கு 25 கிலோ வீதம் மூன்று மாட்டுக்கு 3,375 கிலோ பசும்புல் இல்லை. அதற்குப் பதில் வாங்கிய வைக்கோல், தீவன ரசீதுகள், பால் சொசைட்டி அட்டையில் குறைந்த லிட்டர் இரண்டும்தான் ஆதாரம். தண்ணீரில்லாமல் குட்டையாக நிற்கும் சோளத்தை மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு சேரும், மாடு அரைமணியில் விழலாம்.

நஷ்டஈடு கேட்கத் தடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. தென்னையின் கணக்கு முழுதாக வர ஏறக்குறைய அதே காலம் ஆவதால், வழக்கை முன்னதாகவே போட்டு, பின்னர் வரும் இழப்பையும் சேர்க்கும் உரிமையை வழக்குரையிலேயே வக்கீலைக் கொண்டு எழுதிவைக்க வேண்டும்.

வழக்கு நடக்கும்போது தோப்பு

நஷ்டத்தைக் குறைக்க முயன்றீர்களா என்று நீதிமன்றம் கேட்கும். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நூறு தேங்காய்த் தொண்டை (உரிமட்டையை)க் குவிந்த பக்கம் மேலாக இருக்கும்படி பரப்புங்கள், அல்லது ஓலையை அடுக்குங்கள். சாதாரணமாக ஒரு மரத்துக்கு நாலு நாளுக்கு 200 லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு 70 மரமென்றால் 14,000 லிட்டர். சொட்டுநீரில் இன்னும் குறைவாகப் போதும். தண்ணீர் பாதிதான் உண்டென்றால் காய்க்கும் மரங்களுக்கு முதலில் கொடுங்கள். வாழையில் பக்கக்கன்றுகளை வெட்டிச் சருகை அடியிலேயே போடுங்கள். புல்லைத் தரையொட்டி அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுத்தால் மழைக்குத் தழைக்கும். டேங்கர் தண்ணீர் வாங்கிய ஒவ்வொரு சீட்டும் நஷ்டஈட்டுப் பட்டியலில் சேரும்.

பேசி முடிந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடியுங்கள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மற்றவர் பட்டா வழியே நிரந்தரமாகக் குழாய் பதிக்கும் உரிமையைத் தனியாக எழுதி வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அதில் குழாயின் விட்டம், ஆழம், போகும் சர்வே எண், அடைப்பு வந்தால் யார் செலவில் தோண்டுவது, தோண்டும்போது வாழை சாய்ந்தால் யார் கொடுப்பது என்பது வரை இருக்கட்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிய முறைச்சீட்டு, நிலம் கைமாறிய அன்றே செல்லாக்காசு.